ஏதோ கெடக்குதுங்க

எங்கள் பக்கத்தில் யாரையாவது நிறுத்தி, "வெள்ளாமை எப்படிங்க?" என்று கேட்டுப் பாருங்கள். காட்டில் சாமைக்கதிர் தலை சாய்ந்து நிற்கும். அவரைப் பந்தல் பாரம் தாங்காமல் ஒரு பக்கமாக இறங்கியிருக்கும். காட்டுக்காரர் மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "ஏதோ கெடக்குதுங்க" என்பார். காடு என்றதும் மரம் நிற்கிற காடு என்று நினைத்துவிடாதீர்கள். மழையை நம்பி உழுது விதைக்கிற நிலத்துக்கு எங்கள் பேச்சில் அதுதான் பெயர்.

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பதை ஏற்காட்டு மலைக்காரர்கள் பழமொழியாக எடுத்துக்கொள்வதில்லை, சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். விளைச்சல் நன்றாக இருக்கிறது என்று வாயால் சொன்னால் அது நிற்காது. அதனால் எல்லாவற்றுக்கும் ஒரு சுற்றுப் பேச்சு. 'ஏதோ கெடக்குதுங்க' என்றால் வெகு ஜோர். 'பரவால்லீங்க' என்றால் பாதி தேறும். 'நல்லா இருக்குதுங்க' என்று ஒருவர் சொல்லிவிட்டாரோ, கதை முடிந்தது. காட்டெருமை மேய்ந்துவிட்டது, அல்லது மழை நின்று அழுகிவிட்டது என்று பொருள். எல்லாம் போன பிறகு யார் கண் பட்டு என்ன ஆகப்போகிறது? அந்தக் கசப்பில்தான் 'நல்லா' என்ற சொல்லே எங்கள் வாயில் வரும். அதைக் கேட்டவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் தன் வழியில் போய்விட வேண்டும்.

நான் குப்பனூர்க்காரி. மலையடிவாரம். கல்யாணம் ஆகித்தான் நாகலூர்ப் பக்கம் ஏறி வந்தேன். கீழேயும் கண் திருஷ்டிக்குக் குறைச்சல் இல்லை, ஆனால் மேலே ஏற ஏற அது கெட்டிப்பட்டுப்போகிறது. எனக்கோ வாய் கொஞ்சம் நீளம். வந்த புதிதில் பக்கத்துக் காட்டு அக்காவின் சாமையைப் பார்த்து, "எத்தனை அழகா வெளஞ்சிருக்குதுங்கக்கா" என்று சொல்லிவிட்டேன். அக்கா குனிந்து என் காலடி மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்தார். பயிரைப் பார்த்து மூன்று தடவை சுற்றினார். தூவென்று துப்பிவிட்டு மண்ணை வரப்புக்கு அந்தப் பக்கம் வீசினார். பிறகு என் கன்னத்தைத் தட்டி, "புதுசு. போகப் போகப் பழகிக்குவ கண்ணு" என்றார். அந்த வருஷம் எருமை உள்ளே புகுந்ததற்கு நான்தான் காரணம் என்று இன்றைக்கும் அவர் நம்புகிறார். நான் மறுத்துச் சொல்வதை விட்டுவிட்டேன்.

அந்த அக்காவைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். என் கூடப்பிறந்த அக்கா அல்ல. புருஷனை இழந்தவர். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருக்கிறார். எங்கள் ஊரை ஒட்டி இறங்கும் சரிவில் ஒரு பெரிய துண்டைக் குத்தகைக்கு எடுத்து வெள்ளாமை செய்கிறார். அக்காவோடு இன்னும் சில குடும்பங்களும் அதே சரிவில் உண்டு. நிலம் ஒரு காபி எஸ்டேட்டுக்குச் சொந்தம். அந்த இடத்தில் காற்று அதிகம், காபி நிற்கவில்லை. அதனால் பழைய முதலாளி, உழைக்கிறவர்கள் உழைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். காகிதம் கீகிதம் ஒன்றும் கிடையாது. அவர் ஒரு வார்த்தை சொன்னார், இவர்கள் தலையாட்டினார்கள், அவ்வளவுதான்.

ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நான் ஒரு மெஸ் நடத்துகிறேன். ஆரம்பத்தில் எல்லோரையும் போல நானும் கடைத்தெருவில்தான் காய்கறி வாங்கினேன். ஒரு நாள் வாங்கிவந்த பீன்ஸ் சாக்கின் வாயைக் கட்டியிருந்த துணியைப் பார்த்தால், அது அக்காவின் பழைய சேலைக் கிழிசல். எனக்கு நன்றாகத் தெரிந்த ஊதாப்பூச் சேலை. அப்புறம் விசாரித்தேன். எங்கள் ஊரில் பறித்த பீன்ஸ் விடியும் முன்னே வண்டியேறி சேலத்து மார்க்கெட்டுக்கு இறங்குகிறது. அங்கே கை மாறிக் கை மாறி, கொண்டை ஊசி வளைவெல்லாம் சுற்றிக்கொண்டு, மறுபடியும் ஏற்காட்டுக் கடைக்கே ஏறி வருகிறது. மாமியார் வீட்டுக்குப் போய் இளைத்துத் திரும்பிய பெண் மாதிரி வாடி வதங்கி என் சட்டிக்குள் விழுகிறது. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

மறுநாளே அக்காவிடம் போனேன். "ஏனுங்கக்கா, பீன்ஸை எதுக்குங்க சேலத்துக்குச் சுத்திப்பார்க்க அனுப்பறீங்க? எங்கிட்டயே குடுத்துருங்க" என்றேன்.

"எங்கிட்ட என்ன கண்ணு இருக்குது. ஏதோ நாலு காய் கெடக்குது" என்றார் அக்கா. அந்த நாலு காயைத் தூக்க என் வீட்டுக்காரருக்கு ஜீப் தேவைப்பட்டது.

அப்படித்தான் ஆரம்பித்தது. அக்காவைப் பார்த்து மற்றவர்களும் கொடுத்தார்கள். அவரை, பூசணி, சௌசௌ, கீரை, சாமை, ராகி என்று அந்தச் சரிவு முழுக்க என் அடுப்புக்கு வந்தது. ஒரு மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்து வண்டி வரவில்லை. குப்பனூர் ரோட்டிலும் மரம் விழுந்து கிடந்தது. கடைத்தெருவில் வெங்காயம்கூடத் தீர்ந்துபோனது. என் மெஸ்ஸில் மட்டும் இலை விழுந்துகொண்டே இருந்தது. கீழே இறங்க முடியாமல் மாட்டிக்கொண்ட சுற்றுலாக்காரர்கள் சாமைச் சோற்றையும் பூசணிக் குழம்பையும் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார்கள். அப்புறம் ரெண்டு லாட்ஜ்காரர்கள், எங்களுக்கும் அங்கிருந்தே காய் வேண்டும் என்று வந்து நின்றார்கள். என் வீட்டுக்காரரின் ஜீப்புக்கு அன்றிலிருந்து காய்கறி ஜீப் என்றே பெயர்.

இந்த நேரத்தில்தான் எஸ்டேட்டின் பழைய முதலாளி காலமானார். சொத்து மகளுக்கு வந்தது. மகள் சேலத்தில் டாக்டர். அதுவும் கண் டாக்டர். கண்ணுக்குப் பயந்து வாழ்கிற எங்கள் ஊருக்குக் கண் டாக்டரையே முதலாளியாக அனுப்பிவைத்த கடவுளுக்குக் குசும்பு கொஞ்சம் ஜாஸ்திதான்.

ஏற்காட்டில் இப்போது நிலம் என்றாலே புரோக்கருக்கு மோப்பம் வந்துவிடும். சனி, ஞாயிறு வந்தால் காரில் ஏறி வந்து, மூடுபனியைப் பார்த்துவிட்டு, இங்கேயே ஒரு வீடு இருந்தால் எப்படி இருக்கும் என்று பெருமூச்சு விடுகிறவர்கள் ஏராளம். சரிவை வாங்கி வில்லா கட்டி விற்க ஒருவர் தயாராக இருந்தார். அவருடைய புரோக்கர் டாக்டரம்மாவிடம், "தரிசும்மா, முள்ளுதான் மொளைச்சுக் கெடக்குது" என்று சொல்லியிருக்கிறார். டாக்டரம்மா நல்ல மாதிரி. ஒரு பேச்சை வைத்துக் கையெழுத்துப் போடுகிறவர் அல்ல. நேரில் பார்த்துவிடலாம் என்று ஒரு ஐப்பசி மாதக் காலையில் கிளம்பி வந்தார்.

வந்த அன்றைக்கு எங்கள் பக்கம் மூடுபனி. கையை நீட்டினால் விரல் தெரியாது. அந்த வருஷம் சாமை விளைந்ததுபோல் நான் வந்ததிலிருந்து விளைந்ததில்லை. அது அத்தனையும் பனிக்குள்ளே மறைந்து நின்றது. டாக்டரம்மாவால் கண்ணால் பார்க்க முடியவில்லை, அதனால் காதால் கேட்டிருக்கிறார். காட்டில் இருந்த ஒவ்வொருவரிடமும் போய், "இங்க என்னங்க வெளையுது? எப்படி வெளையுது?" என்று விசாரித்திருக்கிறார்.

எல்லோரும் ஒரே குரலில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

அன்று சாயங்காலம் மெஸ்ஸுக்கு வந்த என் வீட்டுக்காரர் சந்தோஷமாக இருந்தார். காய் எடுக்கப்போனவர் அந்த நேரம் முழுக்க அங்கேதான் நின்றிருக்கிறார். "டாக்டரம்மா தங்கமான மனுசி. நிலத்தைக் குடுத்தாலும் நம்மாளுகளைக் கைவிட மாட்டாங்களாம். வில்லா வந்ததும் தோட்ட வேலை, கூட்டற வேலை எல்லாம் நம்ம ஊருக்கேன்னு சொன்னாங்க. போன் நம்பர்கூடக் குடுத்துட்டுப் போயிருக்காங்க" என்றார்.

"நிலத்தைக் குடுத்தாலுமா?"

"ஆமா. வெறும் நிலத்துல இத்தனை வருசமாக் கஷ்டப்பட்டிருக்கீங்களேன்னு நொம்ப வருத்தப்பட்டாங்க."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தேன். "நீங்க அங்கதான நின்னீங்க? வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க? இந்த வருசம் சாமை எப்படின்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னங்க?"

"அக்கா காட்டைப் பத்தி அக்காளே ஒண்ணுமில்லைங்கறாங்க. நான் எப்படிப் புள்ள நடுவுல பூந்து நல்லா வெளஞ்சிருக்குதுன்னு சொல்றது? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்றார். அவர் முகத்தில் கள்ளம் இல்லை. நிலம் கைவிட்டுப் போவதைவிட, கதிர் மேல் கண் விழுவதுதான் அவருக்குப் பெரிய ஆபத்தாகத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன்.

காலையில் அக்காவைப் பார்க்கப் போனேன். விஷயத்தைப் பிட்டுப் பிட்டு வைத்தேன். டாக்டரம்மா சரிவை விற்கத்தான் போகிறார், வெறும் நிலம் என்று நம்பிவிட்டார், நம்பவைத்தது புரோக்கர் அல்ல, நீங்கள்தான் என்றேன். அக்கா வாசலில் உட்கார்ந்தபடி அவரைக்காயில் நார் உரித்துக்கொண்டிருந்தார். கை நின்றுவிட்டது. வேறு நிலம் அவருக்கு இல்லை. ஐம்பதைத் தாண்டிய வயதில் எஸ்டேட்டில் கூலிக்குக் காபிப் பழம் பறிக்கப் போக வேண்டும், இல்லையென்றால் லாட்ஜில் போர்வை துவைக்க வேண்டும். இரண்டும் கேவலமான வேலை இல்லைதான். ஆனால் அக்கா யார் சொல்லியும் எழுந்து பழகாதவர். தனக்கே தோன்றும்போது எழுந்து, தன் காட்டைத் தானே பார்த்துக்கொண்டு இருந்தவர்.

"கெளம்புங்கக்கா. சேலத்துக்குப் போயி நீங்களே ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துரலாம்" என்றேன்.

"என்னன்னு?"

"நல்லா வெளையுதுன்னு."

அக்கா என்னைப் பார்த்த பார்வையில், நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டேன் என்றே தோன்றியது. "கதிரு இன்னும் காட்டுல நிக்குது கண்ணு. அந்த வார்த்தையை என் வாயால சொல்ல மாட்டேன்."

"வாயுள்ள புள்ளை பொழைக்கும்ங்கக்கா."

"தவளை தன் வாயாலதான் கெடும்" என்றார் அக்கா.

பழமொழிக்குப் பழமொழி சரியாகப் போய்விட்டது. நான் திரும்பி வந்தேன். ஆனால் சும்மா இருக்க என்னால் முடியவில்லை. டாக்டரம்மாவின் நம்பருக்கு நானே போன் பண்ணினேன். யார், எவர் என்று சொல்லிவிட்டு, "விக்கறதோ வெச்சுக்கறதோ உங்க இஷ்டமுங்க. அதுக்கு முன்னாடி ஒரு நாள் எங்க மெஸ்ஸுல வந்து சாப்பிட்டுட்டுப் போங்க" என்றேன்.  டாக்டரம்மா சிரித்துவிட்டு, வருகிறேன் என்றார். ஆனால் சேலத்து டாக்டருக்கு ஓய்வு கிடைப்பது சுலபமா? அவர் வருவதற்குள் அறுவடையும் முடிந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். எளிமையான பருத்திச் சேலை, காலில் சாதாரணச் செருப்பு. இலையைப் போட்டுச் சாமைச் சோறு வைத்தேன். அவரைக்காய்ப் பொரியல், பூசணிக் கூட்டு, கீரை மசியல், மொச்சைக் குழம்பு. கேட்காமலே ஒரு உருண்டை ராகிக் களியும் வைத்தேன். டாக்டரம்மா வெட்கப்படாமல் சாப்பிட்டார். இரண்டாவது முறை குழம்பு வாங்கிக்கொண்டு, "இதெல்லாம் எங்கிருந்து வாங்கறீங்க?" என்று கேட்டார்.

"எண்ணெயும் உப்பும் கடையில வாங்கினதுங்க. மத்த எல்லாம் உங்க சரிவுல வெளஞ்சதுங்க."

அவர் கை இலையிலேயே நின்றது. பிறகு நிதானமாகச் சொன்னார். "தப்பா நினைக்காதீங்க. நீங்க கடை நடத்தறவங்க, உங்களுக்கு அந்த நிலம் வேணும். அதனால சொல்றீங்க. ஆனா அங்க உழைக்கிறவங்களே ஒண்ணும் இல்லைன்னுதானே சொன்னாங்க? நான் ஒருத்தர்கிட்ட இல்ல, எல்லார்கிட்டயும் கேட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. என் வாய்க்கு எவ்வளவு நீளம் இருந்தாலும் காட்டுக்காரர் வாய்ச்சொல் ஆகாது. "அப்போ வாங்க, இன்னொரு தடவை கேட்டுருவோம்" என்று ஜீப்பில் ஏற்றினேன்.

அன்றைக்கு வானம் துடைத்துவைத்ததுபோல் தெளிவாக இருந்தது. ஆனால் என் நேரம், சரிவில் இறங்கிப் பார்த்தால் எல்லாம் அறுத்த காடு. சாமைத் தாள் குட்டையாக, காய்ந்து நிற்கிறது. பந்தலில் கொடி பழுத்து உதிர்ந்துவிட்டது. விவரம் தெரியாதவர் பார்த்தால் புரோக்கர் சொன்ன தரிசு அதுவேதான். முதல் தடவை பனி மறைத்தது, இரண்டாம் தடவை அரிவாள் மறைத்தது. டாக்டரம்மா இடுப்பில் கைவைத்துச் சுற்றிலும் பார்த்தார்.  

அக்கா மேட்டுப் பக்கத்தில் தாள் பொறுக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் தலைத்துணியை அவிழ்த்து உதறிக்கொண்டே இறங்கி வந்தார். டாக்டரம்மா கும்பிட்டுவிட்டு, போன தடவை கேட்டதையே கேட்டார். "அம்மா, இங்க வெள்ளாமை எப்படிங்க?"

"ஏதோ கெட..." என்று ஆரம்பித்து, அக்கா நின்றார்.

என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்நாளில் நான் பேசாமல் இருந்த சில சமயங்களில் அது ஒன்று. அக்கா குனிந்து தன் காட்டைப் பார்த்தார். அந்த முகத்தில் பயம்தான் இருந்தது, வேறு ஒன்றும் இல்லை. நிலத்தை இழக்கிற பயம் ஒரு பக்கம், அந்த வார்த்தையைச் சொன்னால் நிலமே தன்னைக் கைவிட்டுவிடுமோ என்ற பயம் இன்னொரு பக்கம். எனக்கு அவரை இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

பிறகு மெதுவாக, டாக்டரம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நல்லா வெளையுதுங்கம்மா."

ஜீப்பிலிருந்து சாக்குகளை இறக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் காதில் அது விழுந்தது. சாக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். "ஐயோ, என்னங்கக்கா ஆச்சு? எருமை பூந்திருச்சா? ஊட்டுக்குள்ள வெச்ச சாமைத் தவசத்துல தண்ணி கிண்ணி எறங்கிருச்சா?"

டாக்டரம்மா அவரையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். "அவங்க நல்லா வெளையுதுன்னுதான சொன்னாங்க? எதுக்குப் பதறறீங்க?"

"அதனாலதானுங்கம்மா பதறறேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். 'ஏதோ கெடக்குது' என்றால் என்ன, 'பரவால்ல' என்றால் என்ன, 'நல்லா இருக்குது' என்றால் ஏன் துக்கம் விசாரிக்கிற மாதிரி ஓடி வருகிறோம் என்று ஒவ்வொன்றாக. டாக்டரம்மா முதலில் நம்பவில்லை. பிறகு அன்றைக்குப் பனியில் நின்று ஆளுக்கு ஆள் சொன்னதை ஞாபகப்படுத்திப் பார்த்திருப்பார்போல. "அப்படின்னா அன்னைக்கு எல்லாரும் ஏதோ கெடக்குதுன்னு சொன்னது..." என்று இழுத்தார்.

"அன்னைக்குக் கதிரு தலைச்சுமை தாங்காம நின்னுதுங்கம்மா" என்றார் அக்கா.

ஒருமுறை திறந்த வாய் அப்புறம் மூடவில்லை. சாமை இந்தச் சரிவில் மட்டும் ஏன் நிறை பிடிக்கிறது, ராகியை எந்தப் பக்கம் போட வேண்டும், மேலே ஊறும் தண்ணீரைப் பந்தலுக்கு எப்படித் திருப்புவது, எந்தப் பலாமரத்துச் சுளை சேலம் வரைக்கும் மணக்கும் என்று அக்கா சொல்லிக்கொண்டே போனார். முப்பது வருஷமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்த பெருமை அது.  நான்கூட அவற்றில் பாதியை அன்றைக்குத்தான் கேட்டேன். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, தன் தப்பு அப்போதுதான் உறைத்ததுபோல் டாக்டரம்மாவின் காலடி மண்ணை ஒரு சிட்டிகை எடுத்தார். காட்டைப் பார்த்து மூன்று தடவை சுற்றினார்.

"எதுக்கும் இருக்கட்டுமுங்க. கோவிச்சுக்காதீங்க" என்றார்.

"என் கண்ணுக்கேவா? நான் கண் டாக்டருங்க" என்றார் டாக்டரம்மா.

"அதனாலதானுங்கம்மா" என்றார் அக்கா. அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை.

அன்றைக்கே எதுவும் முடிவாகிவிடவில்லை. டாக்டரம்மா யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விட்டார். அந்த இடைப்பட்ட நாட்களில் அக்கா என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சரிவு போனாலும் என் வாய், சரிவு இருந்து எருமை புகுந்தாலும் என் வாய். நான் எப்படியும் மாட்டிக்கொண்டேன்.

கடைசியில் ரோட்டை ஒட்டிய துண்டு போய்விட்டது. அதற்கு ஏற்கெனவே வார்த்தை கொடுத்துவிட்டேன், மாற முடியாது என்றார் டாக்டரம்மா. இப்போது அங்கே வில்லாக்கள் நிற்கின்றன. அந்தத் துண்டில் வெள்ளாமை செய்த குடும்பத்துக்குச் சரிவின் கீழ்ப்பக்கத்தில் இடம் ஒதுக்கினார். அது பழைய இடம் ஆகாது என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மற்றபடி சரிவு முழுக்க அவரவர் பெயருக்குக் குத்தகைப் பத்திரமே எழுதிக் கொடுத்துவிட்டார். வில்லாவில் தங்க வருகிறவர்கள் காலையில் பால்கனியில் நின்று, "என்ன அழகான காடு" என்கிறார்கள். அவர்கள் எந்தக் காட்டைச் சொல்கிறார்கள் என்று நான் கேட்பதில்லை. மத்தியானம் என் மெஸ்ஸில் அந்தக் காட்டையேதான் சாப்பிடுகிறார்கள்.

அடுத்த வருஷம் சாமை சுமாராக வந்தது. அக்காவும் மெல்ல என்னிடம் பேச ஆரம்பித்தார். அதற்கடுத்த வருஷம்தான் பயந்தது நடந்தது. அறுக்க இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்போது காட்டெருமைக் கூட்டம் இறங்கியது. விடிந்து பார்த்தால் மேய்ந்தது பாதி, மிதித்தது பாதி. அக்கா வரப்பில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "நீ சொல்ல வெச்ச" என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

எனக்கு வேறு ஒரு பயமும் இருந்தது. இப்படி எருமை மேய்கிற நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று டாக்டரம்மாவுக்குத் தோன்றிவிட்டால்? பத்திரம் இருக்கிறதுதான். பத்திரத்தை மாற்றி எழுத எவ்வளவு நேரம் ஆகும்? அந்த வில்லாக்காரர் இன்னும் ஆள் விட்டுக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அந்த வாரமே டாக்டரம்மா போன் செய்தார். எப்போதும் அறுவடை நேரத்தில் பேசுவார். என் போனில்தான் வரும். நான் அப்போது அக்காவின் வீட்டில் இருந்தேன். போனை அக்காவிடம் நீட்டி, ஸ்பீக்கரைப் போட்டேன்.

"அம்மா, நல்லா இருக்கீங்களா? இந்த வருசம் வெள்ளாமை எப்படிங்க?"

அக்கா போனைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தார். வாசலுக்கு அந்தப் பக்கம் மிதிபட்ட காடு தெரிந்தது.

"நல்லா இருக்குதுங்கம்மா" என்றார்.

அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிட்டது. லைன் போய்விட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன். போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, முன்னைவிடத் தணிந்த குரலில் டாக்டரம்மா கேட்டார்.

"எருமைங்களா, மழைங்களா?"

 புருஷன் போனபோதுகூட ஊரார் முன்னால் அழாத அக்கா, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

"எருமைதானுங்கம்மா" என்றார் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"வெதைக்கு எடுத்து வெச்சிருக்கீங்களா?"

அக்கா பரண் பக்கம் நிமிர்ந்து பார்த்தார். அங்கே சாணி பூசி மூடிய பானை இருப்பது எனக்குத் தெரியும்.

"ஏதோ கெடக்குதுங்கம்மா" என்றார்.

"அப்போ சரிங்க" என்றார் டாக்டரம்மா. "மழை வந்ததும் போடுங்க."